காயத்துக்கு எண்ணெய்

கோயிலின் கூரையைப் பிரித்து நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது. ஊரில் வேறு யாரும் எண்ணவில்லை, நான் எண்ணிக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் மொட்டைமாடிக்கு ஏறி மேற்கே மலைப்பக்கம் பார்ப்பேன். பிறகு செல்போனில் மழை நிலவரம் பார்ப்பேன். வானமும் போனும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நாட்களில் மறுபடி மாடிக்கு ஏறுவேன். "மழை உன்கிட்ட சொல்லிட்டுத்தான் வருமாக்கும்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவருக்கென்ன, கூரையைப் பிரிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்தானே.

நான் பிலோமினா. எழுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் மந்தைக்குளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்துமூன்று வருடம் ஆகிறது. இந்த ஊர்ப் பங்குப் பேரவைக்கு, அதாவது கோயில் நிர்வாகக் குழுவுக்கு, நான்தான் செயலாளர். எனக்குப் பொறுமை கிடையாது என்பது பிள்ளைகளிலிருந்து ஃபாதர் வரை எல்லோருக்கும் தெரியும். ஒரு வேலையைத் தொடங்கிவிட்டால் முடியும்வரை எனக்குச் சோறு இறங்காது. மற்றவர்களையும் நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டேன்.

எங்கள் புனித செபஸ்தியார் கோயிலுக்கு நூற்றுமுப்பது வயது. முழங்கையைவிட அகலமான சுவர், தேக்கு உத்திரம், அதன் மேல் செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பு போட்ட தளம். இரண்டு வருடம் முன்பு ஞாயிற்றுக்கிழமைப் பூசை நடந்துகொண்டிருந்தபோது மேலேயிருந்து அந்தத் தளத்தில் ஒரு துண்டு பெயர்ந்து ஆர்மோனியத்தின் மேல் விழுந்தது. பாட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆர்மோனியம் அன்றோடு போனது.

அன்றைக்கே ஊர் இரண்டாகப் பிரிந்தது. மதுரையில் அடுக்குமாடி கட்டி விற்கும் பவுல்ராஜ் இந்த ஊரில் பிறந்தவர். "அக்கா, நாப்பது லட்சம் நான் தர்றேன். இடிச்சுட்டுப் புதுசாக் கட்டுவோம். எண்பதடிக் கோபுரம், ஏசி, கிரானைட்டு" என்றார். முகப்பில் அவர் அப்பா, அம்மா பெயர் மட்டும் இருக்க வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே நுழைந்தால் மே மாதத்திலும் குளிர்ந்து கிடக்கிற கோயிலை இடித்துவிட்டு ஏசி போடப்போகிறாராம். பேரவையில் எழுந்து நின்று, பழுது பார்த்தே தீர வேண்டும் என்று சண்டை போட்டேன். கடைசியில், இந்த வருடம் அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் டீச்சர் கூரையை மூடிக் காட்டட்டும், முடியாவிட்டால் பவுல்ராஜ் சொன்னபடி இடித்துவிடலாம் என்று தீர்மானம் போட்டார்கள். கை தூக்கியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

மொத்தச் செலவு முப்பது லட்சம். பழைய கட்டடங்களைக் காப்பாற்ற உதவும் சென்னை அறக்கட்டளை ஒன்றுக்கு எழுதி எழுதி, பாதித் தொகை தருவதாகச் சம்மதம் வாங்கினேன். ஏழரை லட்சம் முதலில், ஏழரை லட்சம் பிறகு. மீதிப் பதினைந்தை நாங்கள் போட வேண்டும். நூற்றுநாற்பது குடும்பமும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பத்து லட்சம் சேர்த்துவிட்டோம். கடைசி ஐந்து லட்சத்துக்கு நான் யாரிடமும் போய் நிற்கவில்லை, ஏனென்றால் எனக்கு வெள்ளிக்கிழமை உண்டியல் இருந்தது.

வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள் எங்கள் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் அல்ல. சுற்றியுள்ள நாற்பது ஊரிலிருந்து வரும் விவசாயக் குடும்பங்கள். நெற்றி நிறையத் திருநீறோடு வருவார்கள், செருப்பை வெளியே விடுவார்கள், செபஸ்தியாரின் மரச் சுரூபத்துக்கு முன்னால் போய் நிற்பார்கள். மரத்தில் கட்டப்பட்டு, உடம்பில் ஐந்து அம்பு தைத்து நிற்கும் நாலடிச் சுரூபம் அது. மாட்டுக்குக் கோமாரி வந்தாலும், பிள்ளைக்கு அம்மை போட்டாலும் அவரிடம்தான் நேர்ந்துகொள்வார்கள். கொண்டுவந்த எண்ணெயை விரலால் தொட்டு அம்பு தைத்த காயங்களில் வைப்பார்கள். பிறகு உண்டியலில் பத்தோ ஐந்நூறோ போட்டுவிட்டுப் போவார்கள். வாரத்துக்கு இருபத்தைந்தாயிரம் குறையாது. ஜூன் முதல் அக்டோபர் வரை இருபது வெள்ளி, ஐந்து லட்சம். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு தப்புமா?

தப்பியது. அதுவும் நானே கெடுத்துக்கொண்டது.

அறக்கட்டளை அனுப்பிய நிபுணரின் பெயர் மைத்ரேயி. மதுரை கோச்சடையில் வீடு, முப்பத்தைந்து வயதிருக்கும். பழைய ஓவியங்களையும் சிலைகளையும் சுத்தம் செய்து காப்பாற்றுவது அவளுடைய வேலை. செபஸ்தியாரைப் பார்த்ததுமே அவளுக்குக் கண் விரிந்துவிட்டது. அதுவரை அவர் தலைமுதல் கால்வரை கரிக்கட்டையாக இருந்தார். மூக்கு எது, வாய் எது என்று தடவிப் பார்த்தால்தான் தெரியும். "மேடம், இதுக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது" என்றாள். இரண்டு வாரம் பஞ்சையும் குச்சியையும் வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தாள்.

கடைசி நாளன்று போய்ப் பார்த்து நான் அழுதே விட்டேன். ரோஜா நிறத்தில் உடம்பு, பழுப்புத் தலைமுடி, வானத்தைப் பார்க்கும் கண்கள். ஐந்து காயங்களிலிருந்தும் சிவப்பாக ரத்தம் வழிந்து நின்றது. நூற்றுமுப்பது வருடத்துக்கு முன் தீட்டிய வண்ணம் நேற்று தீட்டியதுபோல இருந்தது. முப்பது போட்டோ எடுத்து எல்லா வாட்ஸப் குழுவிலும் போட்டேன்.

"ஒண்ணுதான் புரியல மேடம்" என்று மைத்ரேயி சுரூபத்தை மெல்லத் திருப்பிக் காட்டினாள். "முதுகு முழுக்க உளுத்துப்போயிருக்கு, விரல வச்சா மாவா உதிருது. முன்பக்கம் ஒரு துளைகூட இல்ல. ரெண்டும் ஒரே மரம்தான்." தன் நோட்டில் அதை எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுக்கொண்டாள். எனக்கு அப்போது அதைக் கேட்க நேரமில்லை.

அறக்கட்டளையின் நிபந்தனைப்படி சுரூபம் இனிமேல் கண்ணாடிப் பேழைக்குள்தான் இருக்க வேண்டும். எண்ணெய், மெழுகு, பூ எதுவும் அதன்மேல் படக்கூடாது. பட்டால் இரண்டாம் தவணை கிடையாது. ஒருமுறைகூடத் திரும்பப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். உள்ளே கூரைவேலை நடக்கும் என்பதால் முகப்பு மண்டபத்தில் பேழையை வைத்துப் பூட்டி, சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை உண்டியலில் ஒன்பதாயிரம் இருந்தது. அதற்கடுத்த வாரம் ஆறு. ஜூலை முடிவில் மூவாயிரத்தில் வந்து நின்றது. தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு ஆகஸ்டில் கூரையைப் பிரிக்கச் சொன்னேன். கொத்தனார் சோணை, "காசு முழுசாச் சேந்துருச்சா டீச்சரம்மா?" என்று கேட்டார். "நீங்க பிரிங்க" என்றேன். பொறுமை இல்லாதவள் கையில் செயலாளர் பதவியைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

செப்டம்பர் முழுக்கப் பேரவை கூடிக் கூடிக் கலைந்தது. பருத்தி விலை இல்லை, அதனால் கூட்டம் இல்லை என்றார் ஒருவர். பஸ் நேரம் மாறிவிட்டது என்றார் இன்னொருவர். வெள்ளிக்கிழமைகளில் அன்னதானம் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஃபாதர் லூயிஸ் நல்ல மனிதர், ஆனால் எல்லா முடிவையும் நாளைக்கு எடுப்பார். "நாளைக்குப் பாப்போம் டீச்சர்" என்று ஒவ்வொரு கூட்டத்தையும் செபத்தோடு முடித்துவைத்தார். பதினோரு கூட்டம் போட்டோம். நாங்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள். வெள்ளிக்கிழமைக்காரர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நாற்பத்தாறாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்கிறேனே தவிர, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய் வானத்தைப் பார்த்தேன். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது, பிறகு கலைந்தது. உள்ளே பீடத்துக்கு நேர்மேலே வெறும் ஆகாயம். உத்திரங்கள் மட்டும் விலா எலும்பாக நீட்டிக்கொண்டிருந்தன. கூலிக்குப் பணமில்லாமல் சோணை பத்து நாளாக வேலைக்கு வரவில்லை. ஒரு பெருமழை இறங்கினால் சுவர் நனைந்து சரியும். அப்புறம் பவுல்ராஜ் இடிக்கவே தேவையில்லை.

பதினொரு மணிவரை ஏழு பேர் வந்தார்கள். பேழைக்கு முன்னால் நின்றார்கள், பார்த்தார்கள், வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்கள். எட்டாவதாக ஒச்சாயி வந்தாள். எழுமலைப் பக்கம் நாலு பசுமாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள், என் வயதுதான். வருடக்கணக்கில் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தவள் நாலு மாதமாக வரவில்லை. கையில் ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெய் வைத்திருந்தாள். கண்ணாடிக்கு முன் நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் எழுந்து போனேன். "என்ன ஒச்சாயி, உடம்புக்கு முடியலையா?"

"எனக்கென்ன, நல்லாத்தேன் இருக்கேன். அவரப் பாருங்க டீச்சர். என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"சுத்தம் பண்ணிருக்கோம். எம்புட்டு அழகா இருக்காரு பாரு."

"அழகா?" அவள் முந்தானையை எடுத்தாள். கண் சிவந்திருந்தது. "காயம் கருத்து, பொருக்குத் தட்டி, ஆறிப்போய் நின்னாரு. எங்க ஆத்தா எண்ணெய் வச்சா, எங்க மாமியா வச்சா, நான் கல்யாணமாகி வந்ததுலருந்து வைக்கிறேன். அம்புட்டுப் பேரும் சேந்து ஆத்துன காயம் அது. பொருக்க உரிச்சுட்டீங்களே டீச்சர். ரத்தம் ஓடுது பாருங்க."

திரும்பிச் சுரூபத்தைப் பார்த்தேன். நான் முப்பது போட்டோ எடுத்த சுரூபம்தான். ஆனால் இப்போது காயங்களைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. தோளில் ஒன்று, விலாவில் இரண்டு, வயிற்றில் ஒன்று, தொடையில் ஒன்று.

"அதனாலதான் யாரும் வரலையா? கோவமா எங்க மேல?"

"கோவம் என்ன கோவம். வந்து என்ன பண்ண? அடிபட்ட ஆளக் கண்ணாடிக்குள்ள வச்சுப் பூட்டி வேடிக்கை பாக்கச் சொல்றீங்க. மருந்து வைக்காம, காச மட்டும் பெட்டியில போட்டுட்டுப் போகவா? நம்ம மாட்டுக்குப் புண்ணு வந்தா அப்படி விட்டுட்டுப் போவமா? பாக்கப் பொறுக்கல, அதான் நான் வாரதில்ல. இன்னைக்கு என்னமோ மனசு கேக்கல."

"இத நீ முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல?"

"யாரு கேட்டா?" என்றாள் ஒச்சாயி.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தக் கோயிலின் விளக்கு, வெள்ளையடிப்பு, உபதேசியார் சம்பளம் எல்லாம் இவர்கள் போட்ட காசில்தான் இத்தனை வருடம் நடந்தது. காசை எண்ணி ரசீதுப் புத்தகத்தில் எழுதியவள் நான்தான். அந்தக் காசு எதற்காக விழுகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அறியாமை, மூடநம்பிக்கை, இருந்துவிட்டுப் போகட்டும், வருமானம் வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

கைப்பையில் சாவி இருந்தது. எடுப்பதற்கு முன்னால் கணக்குப் போட்டேன், அந்தப் புத்தி போகாது. பேழையைத் திறந்தால் ஏழரை லட்சம் போகும், அதில்தான் சுவரும் சன்னலும் சரிசெய்ய வேண்டும். திறக்காவிட்டால் உண்டியல் நிறையாது, கூரை மூடாது, மாதக் கடைசியில் கோயிலே இருக்காது. ஃபாதருக்குப் போன் போட்டேன். எதிர்பார்த்ததுதான், "நாளைக்கு உக்காந்து பேசுவோமே டீச்சர்" என்றார். மைத்ரேயிக்குப் போட்டேன்.

"மேடம், தயவுசெஞ்சு தொடாதீங்க" என்று பதறினாள். "ஒருதடவ எண்ணெய் ஏறினா அந்த வண்ணத்த மறுபடி எடுக்க முடியாது. என் கரியர்ல இதுவரைக்கும் இப்படி ஒண்ணு கிடைச்சதில்ல."

"நான் அனுமதி கேக்கல மைத்ரேயி. உங்களுக்குத் தெரியாமச் செய்யக் கூடாதுன்னு சொல்றேன். அறக்கட்டளைக்கு நீங்களே எழுதிருங்க, நான் ஒளிக்கல."

அவள் டைரியைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அடுத்த வெள்ளிக்கிழமை வரேன். நானே வந்து பாத்துட்டு எழுதறேன்" என்று வைத்துவிட்டாள்.

பூட்டைத் திறந்தேன். ஒச்சாயி எழுந்து, முகத்தைத் துடைத்து, பாட்டிலின் மூடியைத் திருகினாள். மண்டபம் முழுக்க வேப்பெண்ணெய்க் கசப்பு வாடை பரவியது. ஒவ்வொரு காயமாகத் தொட்டு வைத்தாள். அவள் உதடு எதையோ முனகிக்கொண்டே இருந்தது. காதைக் கொடுத்தபோது, "ஆறிரும், ஆறிரும்" என்பது கேட்டது.

அவள் உண்டியலில் ஐம்பது ரூபாய் போட்டாள். ஏழரை லட்சத்துக்கு ஐம்பது ரூபாய்.

அந்த வாரம் நான் தூங்கவில்லை. எட்டாம் வகுப்புக்கு ஒரே கணக்கை மூன்றுநாள் நடத்தினேன் என்று பிள்ளைகள் பிறகு சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் ஒச்சாயி சும்மா இருக்கவில்லை. காலையும் மாலையும் பால் ஊற்றப் போன வீடெல்லாம் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து நாற்பது ஊருக்கு. சொன்ன செய்தி இவ்வளவுதான்: சாமிக்குக் காயம் பச்சையாகிவிட்டது, கண்ணாடியைத் திறந்துவிட்டார்கள், எண்ணெய் கொண்டுவாருங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடியும்போதே மந்தைத் திடலில் நாலு டிராக்டர் நின்றன. ஷேர் ஆட்டோக்களும் மொபெட்டுகளும் வந்துகொண்டே இருந்தன. வரிசை கோயிலைச் சுற்றிக் குளத்தங்கரைவரை போயிற்று. எல்லார் கையிலும் ஏதாவது ஒரு சின்ன பாட்டில், கிண்ணம், கொட்டாங்குச்சி. திருவிழாவில்கூட நான் இவ்வளவு கூட்டம் பார்த்ததில்லை. ஃபாதர் லூயிஸ் பயந்துவிட்டார். சுரூபத்திலிருந்து ரத்தம் வடிகிறது என்று யாராவது பத்திரிகைக்குச் சொல்லிவிட்டால் மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது? மைக்கைப் பிடித்து, "அன்பார்ந்தவர்களே, அது ரத்தமல்ல, வண்ணம். பெயிண்ட். யாரும் தவறாக எண்ண வேண்டாம்" என்று திரும்பத் திரும்ப அறிவித்தார்.

வரிசையில் நின்ற ஒச்சாயி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பெயிண்டுன்னு எங்களுக்குத் தெரியாதா ஃபாதர்? பெயிண்டா இருந்தாலும் காயம் காயந்தேன்."

ஃபாதர் மைக்கை அணைத்துவிட்டுப் போய்த் தண்ணீர்ப் பந்தலில் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் எதையும் நாளைக்குத் தள்ளவில்லை.

மைத்ரேயி பதினொரு மணிக்குக் காரில் வந்து இறங்கினாள். முகம் கடுகடுவென்று இருந்தது. தான் இரண்டு வாரம் குனிந்து துடைத்த உடம்பின் மேல் நூறு விரல்கள் எண்ணெய் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வந்த ஒருத்தியின் கிண்ணத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"இது என்ன எண்ணெய் மேடம்?"

"வேப்பெண்ணெய். இங்க எப்பவும் அதான். மாட்டுப் புண்ணுக்கு வைக்கிறது."

"நீங்க எண்ணெய்ன்னு மட்டுந்தான் சொன்னீங்க. நான் விளக்குக்கு ஊத்தற நல்லெண்ணெய்ன்னு நெனச்சுண்டேன்." சட்டென்று அவள் குரல் மாறியது. "எப்பவும் வேப்பெண்ணெய்தானா? நூறு வருசமாவா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"சுரூபம் எப்பவும் சுவரோட மாடத்துலதானே இருந்தது? முதுகுல யார் கையும் பட்டிருக்காது, இல்ல?"

பட்டதே இல்லை என்றேன். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சுரூபத்தின் பின்னால் மண்டியிட்டு, உளுத்த முதுகைத் தொட்டாள். பிறகு முன்னால் வந்து விலாவைத் தட்டிப் பார்த்தாள். கெட்டியாகச் சத்தம் வந்தது. வேப்பெண்ணெய் பட்ட மரத்தில் பூச்சி ஏறாது என்பது எனக்கும் தெரியும், என் அரிசி டின்னில் வேப்பிலை கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு நாலு மாதமாக நேரமில்லாமல் போயிற்று.

"இவங்க வைக்கலைன்னா இந்தச் சிலையே இருந்திருக்காது மேடம்" என்றாள் மைத்ரேயி. எழுந்து நோட்டைத் திறந்து அந்தக் கேள்விக்குறியை அடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அறக்கட்டளை சம்பந்தமா என்னால வாக்குக் கொடுக்க முடியாது. எழுதிப் பாக்கறேன். ஒத்துக்கலைன்னா ஒத்துக்கலதான்."

மூன்று மணிக்கு மேற்கே இடித்தது. நான் வெளியே ஓடினேன். இந்தமுறை கலையவில்லை. மலையே தெரியாத அளவுக்குக் கருப்பாக இறங்கி வந்துகொண்டிருந்தது. பீடம் திறந்து கிடக்கிறது, உத்திரம் திறந்து கிடக்கிறது, சுவரின் தலை திறந்து கிடக்கிறது. நான் யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று தெரியவில்லை. "ஐயோ, கூரை! கூரை!" என்று கத்தினேன்.

வரிசையில் நின்ற ஆட்கள்தான் முதலில் அசைந்தார்கள். டிராக்டர்களில் நெல் காயவைக்கும் தார்ப்பாய்கள் சுருட்டிக் கிடந்தன. விவசாயிக்கு மழை வரும்போது தார்ப்பாயை எப்படி விரிப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாமி கும்பிட வந்திருந்த சோணை, செருப்பில்லாத காலோடு சாரத்தில் ஏறி, "உத்திரத்து மேல கால வைங்கப்பா, நடுவுல வைக்காதீக" என்று கத்தினார். திருநீறு பூசிய இருபது முப்பது பேர் எங்கள் கோயிலின் மேல் நின்று தார்ப்பாயை இழுத்துக் கயிறு கட்டினார்கள். எங்கள் ஆட்களும் ஏறினார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. கடைசிக் கயிற்றை முடிச்சுப் போடும்போது முதல் சொட்டு என் நெற்றியில் விழுந்தது.

ஒன்றரை மணிநேரம் அடித்துப் பெய்தது. வெளியே நின்ற கூட்டம் முழுவதும் உள்ளே வந்து நெருக்கியடித்து நின்றது. மேலே தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. பழைய ஆர்மோனியம் இருந்த மூலையில் மட்டும் ஒழுகியது. மண்டபத்தில் ஒச்சாயி என் கையில் அவளுடைய பாட்டிலைத் திணித்தாள். இருபத்துமூன்று வருடத்தில் நான் அந்தக் காயங்களைத் தொட்டதே இல்லை. விரலில் எண்ணெயைத் தொட்டு விலாக்காயத்தில் அழுத்தித் தேய்த்தேன்.

"தேய்க்காதீங்க டீச்சர்" என்று ஒச்சாயி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பச்சைக் காயத்துல யாராச்சும் தேய்ப்பாகளா? மெதுவாத் தொட்டு வைங்க. என்ன அவசரம் உங்களுக்கு?"

தொட்டு வைத்தேன். "மன்னிச்சுக்கங்க" என்று சொன்னேன். அவளிடம் சொன்னேனா, அவரிடம் சொன்னேனா என்று எனக்கே தெரியாது.

அந்த வெள்ளியும் அடுத்த இரண்டு வெள்ளியும் சேர்ந்து உண்டியலில் ஐந்தே கால் லட்சம் விழுந்தது. சோணை ஆட்களைக் கூட்டிவந்து இரவு பகலாகத் தளம் போட்டார். அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி கூரை மூடியது. பவுல்ராஜ் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "சரிக்கா, தோத்துட்டேன். எங்க அப்பா, அம்மா பேர எங்கயாச்சும் ஒரு சின்னக் கல்லுல..." என்று இழுத்தார். "வாரவாரம் அம்பது லிட்டர் வேப்பெண்ணெய் வாங்கிக் கொடுப்பா, பேரில்லாம" என்றேன். அன்றிலிருந்து வாங்கி அனுப்புகிறார், டின்னில் அவர் கம்பெனி ஸ்டிக்கர் இருக்கிறது.

நவம்பர் கடைசியில் மைத்ரேயி அறக்கட்டளையின் படிவத்தோடு வந்தாள். இரண்டாம் தவணை தருவதா வேண்டாமா என்று அவர்கள் இதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். சுவரும் சன்னலும் அதை நம்பித்தான் காத்திருக்கின்றன. கட்டடம், கூரை, தரை என்று ஒவ்வொரு கட்டமாக அவளே நிரப்பினாள். 'சுரூபத்தின் தற்போதைய நிலை' என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றது. இருவரும் எழுந்துபோய்ப் பார்த்தோம். அவர் பழையபடி மாடத்தில் நின்றார். தோளில் சிவப்பு மங்கியிருந்தது. விலாவில் ஓரங்கள் கருக்கத் தொடங்கியிருந்தன.

"இத என்னன்னு எழுதறது? சேதம்னா பணம் வராது. நல்லா இருக்குன்னா பொய்" என்று பேனாவை என்னிடம் நீட்டினாள். "நீங்களே எழுதுங்க மேடம், நான் கையெழுத்துப் போடறேன்."

நான் அவசரப்படவில்லை. கொஞ்சநேரம் யோசித்து, தெளிவான கையெழுத்தில், 'காயம் ஆறிவருகிறது' என்று எழுதினேன். மைத்ரேயி அதை இரண்டுமுறை படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள்.